இருமல் போகணும், இல்லை ஆள் போகணும்

எங்கள் முற்றத்துக்குள் ஓர் ஆண்பிள்ளை வருகிறான் என்றால், தெருக்கதவைத் தாண்டியதும் அந்த இருட்டு நடையில் நின்று முதலில் இரும வேண்டும். பிறகு "யா ஸாத்திர்!" என்று குரல் கொடுக்க வேண்டும். மானத்தை மறைத்துக் காப்பவனே என்று கூப்பிடுவது என்னவோ அல்லாவைத்தான். ஆனால் விழுந்தடித்து ஓட வேண்டியவர்கள் நாங்கள். நீர்த்தொட்டியடியில் துணி துவைப்பவள் முக்காட்டைத் தேடுவாள், அடுப்படியில் இருப்பவள் கைக்குக் கிடைத்த துண்டைத் தலையில் போடுவாள். எல்லாத் தலையும் மூடிய பிறகு யாராவது ஒருத்தி, "வழி இருக்கு, வாங்க" என்பாள். டமாஸ்கஸ் ஆண்களுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் வாசலில் இருமத் தெரியும்.

இப்படிப்பட்ட வீட்டின் மாடியறையில், பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரை ஓயாமல் இருமும் ஒரு மனிதரைக் கொண்டுவந்து குடிவைத்தால் எப்படி இருக்கும்? வைத்தார், வீட்டுச் சொந்தக்காரர் அபூ நஸீஹ்.

அபூ நஸீஹ் தரும சிந்தனை உள்ளவர். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற வகைத் தருமம். மழையில் மண்சுவர் இடிந்து தஹ்ஸீன் என்கிற மெத்தைக்காரர் வீடில்லாமல் நிற்கிறார் என்று காப்பிக்கடையில் யாரோ சொன்னார்களாம். உடனே இவர் நெஞ்சில் கைவைத்து, "என் வீடு அவர் வீடு" என்று சொல்லிவிட்டார். காப்பிக்கடையே எழுந்து நின்று அவருக்காக அல்லாவிடம் துவா செய்ததாம். பகலெல்லாம் அவர் அந்தக் காப்பிக்கடையில்தானே இருக்கிறார்? வீட்டில் இருக்கிறவர்கள் நாங்கள்.

தஹ்ஸீன் பெண்டாட்டியை இழந்தவர், பிள்ளைகுட்டி இல்லை. சந்தையில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து வில்லால் பஞ்சடித்து மெத்தையும் போர்வையும் தைப்பார். மதியம் வருவார், போவார், மாலை வருவார். வரும்போது இருமல், போகும்போது இருமல். சரி, அது முறைதான். ஆனால் மாடி ஜன்னலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் லொக் லொக். தொழும்போது லொக். தேநீருக்குச் சர்க்கரை கலக்கும்போது லொக் லொக் லொக். சளி கிடையாது, ஒன்றும் கிடையாது, காய்ந்த மரத்தில் கட்டையால் தட்டுகிற மாதிரி வறட்டு இருமல். இறங்கி வருவதற்காக இருமுகிறாரா, இருமுவதற்காக இருமுகிறாரா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு லொக்குக்கும் ஓட்டம். முக்காட்டை எடுப்பதும் வைப்பதுமாக என் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

நான் ரஸ்மியா. தையற்காரி. நடையை ஒட்டிய கீழறை என்னுடையது. என் கணவர் போய்ச் சேர்ந்தபோது எனக்கு விட்டுவைத்தது ஒரு தையல் மிஷினும் ஒரு மெத்தையும். மெத்தை என்பது மரியாதைக்குச் சொல்வது. அதிலிருந்த கம்பளி கல்லாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் முற்றத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுல படுக்கிறதும் காஸியூன் மலையில படுக்கிறதும் ஒண்ணுதான்" என்று பக்கத்து அறை பத்ரியாவிடம் சொன்னேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது.

மறுநாள் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தால் மெத்தையைக் காணோம். பத்ரியாவிடம் சண்டைக்குப் போனேன், வீட்டுக்காரி உம்மு நஸீஹிடம் சண்டைக்குப் போனேன். மாலையில் பார்த்தால் என் அறை வாசலில் சாய்த்து வைத்திருக்கிறது. பிரித்து, அடித்து, திரும்பத் தைத்து, உப்பிப் புடைத்து, புதுப்பெண் மாதிரி நிற்கிறது. மேலிருந்து லொக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அன்றைக்குத் தூங்கினேன். மெத்தைக்காக ஒரு மனிதர் மேல் பிரியம் வைத்தாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். கல்லில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிரியம் எனக்குத்தான். உம்மு நஸீஹுக்கு இல்லை. அபூ நஸீஹின் மனைவியான அவள்தான் இந்த முற்றத்துக்கு அரசாங்கம், போலீஸ், கோர்ட்டு எல்லாம். அந்தக் குளிர்காலத்தில் அவள் நாரத்தைத் தோலில் இனிப்புப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாகு பதம் வருகிற நேரம் மேலே லொக். முக்காட்டுக்கு ஓடினாள். யாரும் வரவில்லை. திரும்பிக் கரண்டியைப் பிடித்தாள். லொக் லொக். மறுபடி ஓடினாள். மூன்றாவது ஓட்டத்தில் பாகு கருகி வீடு முழுக்கப் புகை.

"ஏ மனுஷா!" என்று உள்ளே வந்த அபூ நஸீஹைப் பிடித்துக்கொண்டாள். "மாடியில ஆளைக் குடிவெச்சிருக்கியா, அபாயச் சங்கைக் கட்டி வெச்சிருக்கியா?"

"பாவம், நோயாளி..."

"நான் பாவமில்லையா? என் பாகு பாவமில்லையா?"

அபூ நஸீஹ் தாடியைத் தடவினார். "இப்படிச் செய்வோம். மூணு தடவை இருமினா வர்றார்னு அர்த்தம். ஒரு தடவைன்னா சும்மான்னு அர்த்தம்."

"ஆமா, நாங்க எல்லாரும் விரல் விட்டு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கோம். சமையல நீங்க வந்து பண்ணுங்க" என்றாள் பத்ரியா, இடுப்பில் குழந்தையோடு.

உம்மு நஸீஹ் கருகிய சட்டியைத் தூக்கி நடு முற்றத்தில் வைத்தாள். அதுதான் சாட்சி. "நல்லாக் கேட்டுக்கோ. ரமலான் வருது. நோன்பு வெச்சுக்கிட்டு, நாளெல்லாம் அடுப்படியில நின்னுக்கிட்டு, இவருக்காக ஓடிக்கிட்டே இருக்க என்னால முடியாது. பிறை பாக்கிறதுக்குள்ள இருமல் போகணும், இல்ல ஆள் போகணும். ரெண்டுல ஒண்ணு."

அபூ நஸீஹ் வெளியில் சிங்கம். வீட்டில் தலையாட்டினார். மேலே ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு இருமுகிற சத்தம் கேட்டது. குளிர்காலத்தில், ரமலான் வாசலில், அந்த ஆள் எங்கே போவார்?

விரட்டுவதாகச் சொன்னாலும் எங்கள் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கக் கிடைக்கிற சந்தர்ப்பத்தை விட மனசு வராது. மறுநாளே ஆரம்பித்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து தஹ்ஸீன் கயிற்றில் ஒரு கூடை இறக்குவார். ரொட்டிக்காரன் ரொட்டி போடுவதற்கு. அந்தக் கூடை இப்போது மருந்துக் கூடையானது.

உம்மு நஸீஹ் ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சி அனுப்பினாள். கூடவே பழைய பத்திரிகை. "எண்ணெயை நெஞ்சில நல்லாத் தடவுங்க, மேல பேப்பரைச் சுத்திக்கட்டி, அதுக்கு மேல சட்டையைப் போடுங்க! எங்க வாப்பாவுக்கு இப்படித்தான் சரியாச்சு!" என்று கத்தினாள். அவள் வாப்பா அந்த வைத்தியம் பார்த்த குளிர்காலத்திலேயே மௌத்தாகி அடக்கமானார் என்பது தெருவுக்கே தெரியும். சரியாகித்தான் மௌத்தானார் என்பாள்.

பத்ரியா கறுப்பு முள்ளங்கியைக் குடைந்து, அதில் தேன் ஊற்றி ஊறவைத்து அனுப்பினாள். "ஊறின தேனை மட்டும் குடிச்சிட்டு முள்ளங்கியைத் திருப்பி அனுப்புங்கண்ணே, சாலட்டுக்கு ஆகும்!"

அபூ நஸீஹ் தம் பங்குக்கு, காப்பிக்கடையில் பொதுக்கூட்டம் போட்டு யோசனை கேட்டு வந்தார். ஒருவர் சோம்புக் கஷாயம் என்றார், ஒருவர் சீமைமாதுளை விதை என்றார், ஒருவர் சுட்ட வெங்காயத்தைக் காலுறைக்குள் போடச் சொன்னார். எதையும் விடாமல் அவர் வந்து ஒப்பிக்க, எல்லாவற்றையும் செய்து தந்தது எங்கள் கைதான்.

தஹ்ஸீன் எதையும் மறுக்கவில்லை. மறுக்கத் தெரியாது அவருக்கு. வைத்ததெல்லாம் கூடையில் மேலே போகும், காலிப் பாத்திரம் கீழே வரும். "உங்க கைகள் நலமா இருக்கட்டும், சகோதரி" என்று ஒரு குரல் கூடவே வரும். ஆலிவ் எண்ணெய், முள்ளங்கித் தேன், சோம்பு, வழவழ விதைச்சாறு, மல்பெரிப் பாகு, எல்லாம் ஒரே வயிற்றில். வயிறு என்ன, அரசாங்கக் கிடங்கா? மூன்றாம் நாளே புரட்சி செய்துவிட்டது.

கழிப்பறை எங்கே இருக்கிறது? முற்றத்தின் மூலையில், படிக்கட்டுக்கு அடியில். அப்புறம் கேட்கவா வேண்டும். லொக் லொக், யா ஸாத்திர், ஓட்டம். போனார். லொக் லொக், யா ஸாத்திர், ஓட்டம். வந்தார். மாடி ஏறி முடிப்பதற்குள் மறுபடி யா ஸாத்திர். சட்டைக்குள் பத்திரிகை வேறு சரக் சரக் என்றது. அன்று முற்றத்தில் எந்தச் சட்டியும் அடுப்பேறவில்லை.

"மருந்து நல்லா வேலை செய்யுது" என்றாள் உம்மு நஸீஹ். "கெட்டதெல்லாம் வெளியேறுது பாத்தியா?"

"ஆமா, இருமலைத் தவிர எல்லாம் வெளியேறிடுச்சு" என்றேன் நான்.

என் பங்குக்கு நான் மசாலாச் சந்தைக்குப் போனேன். மூலிகைக்கடை ஹாஜி பஷீருக்கு என் தாய்வழி தகப்பன்வழி எல்லாம் அத்துப்படி. அவரிடம் பொய் சொன்னால் எடுபடாது என்று தெரியும். தெரிந்தே சொன்னேன்.

"வறட்டு இருமலுக்கு ஏதாவது குடுங்க ஹாஜி."

"யாருக்கு மகளே?"

"என் தம்பிக்கு."

"உங்க அம்மா வயித்துல நீ ஒருத்திதானே? இது எப்பப் பொறந்த தம்பி?"

"ஒண்ணுவிட்ட தம்பி."

"எவ்வளவு தூரம் விட்ட தம்பி?"

"ஒரு மாடி தூரம்" என்று வாய்தவறி வந்துவிட்டது. என் வாய்க்குத் தாழ்ப்பாள் வைக்க எந்தத் தச்சனும் பிறக்கவில்லை.

ஹாஜி பஷீர் சிரிக்கவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தகர டப்பாவைத் திறந்து காய்ந்த கத்மியாப் பூவை அள்ளிப் பொட்டலம் கட்டினார். "சுடுதண்ணியில போட்டு மூடி வை. வெண்டைக்காய் மாதிரிக் கொழகொழன்னு வரும். தொண்டையில வழுக்கிக்கிட்டு இறங்கும், தம்பிக்கு இதமா இருக்கும். ஆனா மகளே, தொண்டைக்குள்ள எதுவோ போய்ப் போய்ச் சுரண்டிக்கிட்டே இருந்தா, நான் சந்தையையே காய்ச்சிக் குடுத்தாலும் நிக்காது. அது என்னன்னு பாத்தியா?"

பார்த்தேன். மறுநாள் மதியம் தஹ்ஸீன் கடையிலிருந்து வந்தார். எல்லாரும் மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மூடிக்கொண்டேன், குனியவில்லை. என்னை அவர் பார்க்கக்கூடாது என்பதுதானே சட்டம்? புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேர் என்றிருந்தது. ஐயோ, இவ்வளவு வயசா இந்த ஆளுக்கு என்று மனசு சோர்ந்துபோனது. அவர் நீர்த்தொட்டியில் குனிந்து முகம் கழுவினார். நிமிர்ந்தால் புருவம் கன்னங்கரேல் என்றிருக்கிறது, மீசையும் அப்படியே.

அட, வயசில்லை, பஞ்சு!

எனக்கு ரெட்டைச் சந்தோஷம். நாங்கள் இத்தனை பேர் மாறி மாறிக் கஷாயம் காய்ச்சி ஊற்றுகிறோம், அவரோ தினமும் கடையில் உட்கார்ந்து மூச்சுக்கு மூச்சு பஞ்சுத்தூளை விழுங்கிவிட்டு வருகிறார். மேலே மருந்து, கீழே பஞ்சு. தலையணை தைத்த மாதிரி நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருக்கிறார் மனிதர்.

வீட்டில் நல்ல மெல்லிய துணி வேறெதுவும் இல்லை. என் வெள்ளைத் தொழுகை முக்காட்டை எடுத்தேன். ஓரத்தில் நானே ஊசியால் பின்னிய சின்னச் சின்ன மல்லிகைப் பூக்கள். ஒரு மூலையை வெட்டி, மடித்து, நாலு பக்கமும் நாடா வைத்துத் தைத்தேன். ஓரப்பூவைப் பிரிக்க மனசு வரவில்லை. அது என் முட்டாள்தனம். கத்மியாக் கஷாயக் கிண்ணத்துக்கு அடியில் அதை வைத்து, கூடையை இழுத்து ஆட்டினேன்.

ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. நான் மேலே பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "இதை நனைச்சு, மூக்கும் வாயும் மூடிக் கட்டிக்கிட்டுப் பஞ்சடிங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. இந்த வீட்டுச் செவுத்துக்குக் காது மட்டுமில்ல, வாயும் இருக்கு."

கூடை மேலே போனது. "உங்க கைகள் நலமா இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்த முறை "சகோதரி"யைக் காணோம்.

இருமல் குறைந்தது. முதலில் தொழுகையின்போது நின்றது, பிறகு தேநீரின்போது. கொஞ்ச நாளில் மாடியில் ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்தது. உடனே முற்றத்தில் வெற்றி விழா. உம்மு நஸீஹ் வருகிறவளிடமெல்லாம், "ஆலிவ் எண்ணெய்! எங்க தோப்பு எண்ணெய்!" என்றாள். பத்ரியா, "முள்ளங்கி, முள்ளங்கி" என்றாள். நான் கத்மியா என்று சொல்லிவைத்தேன். ஒன்றுமே சொல்லாவிட்டால் சந்தேகப்படுவார்களே. அபூ நஸீஹ் காப்பிக்கடையில் போய், தாம் ஓதி ஊதியதால்தான் இருமல் பறந்தது என்று சொல்லி, இரண்டாவது முறையாக எல்லாரையும் துவா செய்ய வைத்தார். முற்றத்தில் முக்காடுகள் கொடியில் நிம்மதியாகக் காய்ந்தன. ரமலானுக்கு ஆள் இங்கேதான் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறை பார்க்கிற நாள் வந்தது. அன்று மதியம் முற்றமே பெண்கள் ராஜ்ஜியம். உம்மு நஸீஹ் தலைமுழுக்க மருதாணியை அப்பி, சேற்றில் முங்கிய எருமை மாதிரி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பத்ரியா தொட்டிலுக்குப் பின்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தலைக்குக் குளித்துவிட்டு நீர்த்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியைச் சீவிக்கொண்டிருந்தேன். நல்ல முடி எனக்கு. சொல்வதற்கு ஆள் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

முடியை உதறி நிமிர்ந்தேன். எதிரே தஹ்ஸீன் நிற்கிறார்.

இருமல் இல்லை. யா ஸாத்திர் இல்லை. நடு முற்றத்தில், உடம்பெல்லாம் பஞ்சு, முகத்தில் பாதிக்கு, கடையில் கழற்ற மறந்த வெள்ளைத் துணி. என்னைப் பார்த்தபடி சிலையாக நிற்கிறார். நானும் சீப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நியாயமான நேரத்தைவிட அதிகம்.

பத்ரியா, "ஜின்னு! ஜின்னு!" என்று அலறினாள். உம்மு நஸீஹ் காலிலிருந்த மரக்கட்டைச் செருப்பைக் கழற்றி வீசினாள். அது அவர் தோளில் பட்டு நீர்த்தொட்டிக்குள் விழுந்தது. தஹ்ஸீன் தடாலென்று திரும்பிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"சொன்னேன்! யா ஸாத்திர்னு சொன்னேன்! சத்தியமாச் சொன்னேன், துணி முழுங்கிடுச்சு!"

"இருமுறதுக்கு என்ன கேடு?" என்று உம்மு நஸீஹ் கத்தினாள்.

"இருமல் வரலையே, அம்மா!" என்றார் பரிதாபமாக. உண்மைதான். அந்த மனிதர் எத்தனையோ காலமாக வாசலில் வேண்டுமென்று இருமியதே இல்லை. தானாக வந்துகொண்டிருந்தது. குரல் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டார். அந்தக் குரலை என் துணி தின்றுவிட்டது.

"துணியா? எந்தத் துணி?" உம்மு நஸீஹ் ஒரு துண்டால் தலையை மூடிக்கொண்டு கிட்டே போனாள். அவர் தலைக்குப் பின்னால் முடிந்திருந்த நாடாவைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்திலிருந்த ஓரத்தைப் பார்த்தாள். சின்னச் சின்ன மல்லிகைப் பூக்கள்.

"இது ரஸ்மியா கைப்பூ" என்றாள். "இது ரஸ்மியாவோட முக்காடு. ஏண்டி, உன் தலையில இருக்க வேண்டியது இவர் மூஞ்சியில எப்படி வந்துச்சு?"

நான் என் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அபூ நஸீஹைக் காப்பிக்கடையிலிருந்து இழுத்து வந்தார்கள். முற்றத்தில் நடந்த விசாரணை எல்லாம் கதவிடுக்கு வழியாக எனக்குக் கேட்டது.

"இவர் இருமினாக் குத்தம்னே, சரின்னேன். இப்ப இருமாம இருந்தாலும் குத்தம்ங்கிறியே?" என்றார் அவர்.

"இருமினப்ப என் பாகுதான் போச்சு. இப்ப மானம் போச்சு! இந்த நிமிஷமே போகணும்."

தஹ்ஸீன் படியேறிப் போய், போர்வையைச் சுருட்டி, பஞ்சடிக்கும் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நடையில் என் கதவைத் தாண்டும்போது நின்றார். "உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். வெயில் போய் மழை தூற ஆரம்பித்திருந்தது. இடிந்த வீட்டுக்கா போவார்?

முற்றத்தில் உம்மு நஸீஹ் இன்னும் விடவில்லை. "என் தலையில மருதாணிச் சேறு, அதுல மயிர் எங்க தெரியுது? பத்ரியா தொட்டிலுக்குப் பின்னால இருந்தா. இவர் பாத்தது ரஸ்மியாவை மட்டும்தான். முழுசாப் பாத்துட்டார், மூடிவெச்ச முடி அத்தனையும்! நாளைக்கு விஷயம் வெளிய போனா எவன் இவளைக் கட்டுவான்?"

கதவைத் திறந்தேன். இந்த முறை முக்காடு போட்டிருந்தேன். ஒரு மூலை இல்லாத முக்காடு.

"பாத்தவர் கட்டட்டும்!" என்றேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்த ஆள் பேசாமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால்? இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்? நடப்பது இருக்கட்டும், அந்த மெத்தையில் எப்படிப் படுப்பேன்?

இருட்டு நடையில் வில்லைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஓர் இருமல். பழைய வறட்டு இருமல் இல்லை, தொண்டையில் என்னவோ அடைத்துக்கொண்ட இருமல்.

"அபூ நஸீஹ்" என்றார் தஹ்ஸீன். "அல்லா வகுத்த முறைப்படி, அவன் தூதர் காட்டின வழிப்படி, ரஸ்மியாவைக் கேக்கிறேன். முன்னாடியே கேக்கணும்னு நெனச்சேன். வாயைத் திறந்தாலே இருமல் வந்துடுச்சு."

அபூ நஸீஹின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீடு கொடுத்த தருமம், நோய் தீர்த்த தருமம், இப்போது விதவைக்கு வாழ்வு கொடுத்த தருமம். காப்பிக்கடைக்கு ரமலான் முழுக்கப் பேச விஷயம். "என் வீடு உங்க வீடு!" என்று நெஞ்சில் கைவைத்தார். எனக்காக நின்று பேசுகிற பொறுப்பை நான் கேட்காமலே எடுத்துக்கொண்டார். உம்மு நஸீஹுக்கு யாரை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் மருதாணியைக் கழுவப் போனாள்.

நோன்பு வந்துவிட்டால் தள்ளிப்போகும் என்று அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகே, திருமணம் நடத்திவைக்க ஷேக்கை அழைத்து வந்தார்கள். ஒரு சாட்சி பத்ரியாவின் புருஷன். இன்னொரு சாட்சிக்குத் தெருவில் போனவரைக் கூப்பிட்டார் அபூ நஸீஹ். வந்து நின்றவர் ஹாஜி பஷீர்.

அவர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். திரைக்குப் பின்னால் இருந்த என் பக்கம் திரும்பாமலே, "தம்பிக்கு இருமல் நின்னுடுச்சா மகளே?" என்றார்.

"எந்தத் தம்பி?" என்றார் ஷேக், பேனாவைத் தூக்கிக்கொண்டு.

"ஒரு மாடி தூரத்துத் தம்பி. நீங்க எழுதுங்க" என்றார் ஹாஜி.

ஷேக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கன்னிப்பொண்ணுன்னா மௌனமே சம்மதம். நீ விதவை, அம்மா. வாயைத் திறந்து சொல்லணும்."

"அவ வாய் மூடியிருந்தாத்தான் நாங்க கவலைப்படணும்" என்றாள் உம்மு நஸீஹ்.

"சம்மதம்" என்றேன். குரல் பாதியில் உடைந்துபோனது. அதைக் கேட்டு உம்மு நஸீஹ் மூக்கை உறிஞ்சினாள். பிறகு கேட்டதற்கு மருதாணி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

சாட்சிகளை வழியனுப்பத் தஹ்ஸீன் தெருவுக்குப் போனார். ஆண்கள் போனதும், மழையும் விட்டிருந்த முற்றத்தில் பெண்கள் மூச்சுவிட்டோம். முக்காடுகள் இறங்கின. நான் நீர்த்தொட்டி விளிம்பில் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, மதியம் பாதியில் விட்ட முடியை மறுபடி சீவ ஆரம்பித்தேன். சற்று நேரத்தில் கோட்டைப் பக்கம் பீரங்கி வெடித்தது. பிறை தெரிந்துவிட்டது, நாளை நோன்பு.

அப்போது நடையில் இருமல் கேட்டது. படு மோசமான இருமல். பள்ளிக்கூடத்துப் பையன் லீவு கேட்கிறபோது இருமுவானே, அப்படி. பொய்யென்று குழந்தைக்கும் தெரியும். அதைத் தொடர்ந்து, துணி இல்லாத வாயால், தெருவுக்கே கேட்கும்படி, "யா ஸாத்திர்!"

பத்ரியா தொட்டிலுக்குப் பின்னால் பாய்ந்தாள். உம்மு நஸீஹ் முக்காட்டைத் தேடித் தட்டுத்தடுமாறித் தன் அறைக்குள் ஓடினாள். ஒரு கால் செருப்பு இன்னும் நீர்த்தொட்டிக்குள்தான் கிடந்தது. கதவிடுக்கிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏண்டி ரஸ்மியா, செவுடா நீ? இருமுறார்டி! தலையை மூடு!"

"அவர் உங்களுக்குத்தான் இருமுறார்" என்றேன். "எனக்கில்ல."

பிறகு நடைப் பக்கம் திரும்பி, "வழி இருக்கு, வாங்க" என்றேன்.